ஸ்பிரிங் மாறியது, பின்பக்கம் அடங்கியது

என் மோட்டோகிராஸ் பைக்கின் பின் சஸ்பென்ஷனில் ரேஸ் சேக் (கியரோடு நான் ஏறி நிற்கும்போது பின்பக்கம் இறங்கும் அளவு) 105 மி.மீ., ஃப்ரீ சேக் (ஆள் இல்லாமல் வண்டி தன் எடையிலேயே இறங்கும் அளவு) 31 மி.மீ. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டிய இடத்தில் வந்து நின்றுவிட்டன, அந்தச் சந்தோஷத்தில்தான் எழுதுகிறேன். இத்தனை நாளாக ஒன்று சரியானால் இன்னொன்று கோணிக்கொண்டு நிற்கும்.

கியர் எல்லாம் மாட்டிக்கொண்டால் நான் 96 கிலோ. வண்டியோடு வந்த பின்பக்க ஸ்பிரிங் 48 நியூட்டன், அதாவது ஒரு மி.மீ. அமுக்க 48 நியூட்டன் விசை வேண்டும். அதில் நான் ஏறி நின்றால் 120 மி.மீ. இறங்கும், ஆள் இல்லாமல் 37. சரி, 120 அதிகம் என்று ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் ப்ரீலோடு ரிங்கை ஐந்து சுற்று இறுக்கினால் 105 வந்துவிடுகிறது. பெரும்பாலானவர்கள் இங்கேயே ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு ஓட்டப் போய்விடுகிறார்கள். ஆனால் ஃப்ரீ சேக்கை அளந்தால் 22-தான் இருக்கிறது. அதாவது ஆள் இல்லாத வண்டி பூனை முதுகைத் தூக்கின மாதிரி நிற்கிறது. பிரேக் பிடித்து எடை முன்பக்கம் போனதும், பின்சக்கரம் பள்ளத்துக்குள் இறங்க மிச்சம் இருப்பதே கொஞ்சம்தான். அதனால் மேடு மேடாக உழுது கிடக்கும் இடத்தில் பின்பக்கம் எகிறி எகிறி உதைக்கும். அதே வண்டி குதித்து இறங்கும்போது அடித்தட்டு வரை போய் 'டங்' என்று இடிக்கும்! உதைப்பதைப் பார்த்தவர்கள் எல்லோரும் "ஸ்பிரிங் ரொம்ப ஹார்டு, கம்ப்ரஷனைத் திற" (சஸ்பென்ஷன் அமுங்குவதைத் தடுக்கும் தணிப்பைக் குறை) என்றுதான் சொன்னார்கள். உண்மையில் ஸ்பிரிங் சாஃப்டாக இருந்ததுதான் காரணம். சாஃப்ட் ஸ்பிரிங்கை நெருக்கிப் பிடித்தால் மேலே முரட்டுத்தனமாகவும் கீழே வலுவில்லாமலும் இருக்கும்.

இதில் என் மண்டையில் உறைத்த விஷயம் ஒன்றுதான். 120-ல் 37-ஐக் கழித்தால் 83, 105-ல் 22-ஐக் கழித்தாலும் 83. ரிங்கை எவ்வளவு திருப்பினாலும் இரண்டு எண்ணும் சேர்ந்தேதான் ஏறி இறங்கும், நடுவில் உள்ள வித்தியாசம் அநேகமாக அசையாது. அந்த வித்தியாசம் ஓட்டுபவரின் எடைக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையிலான கணக்கு, ரிங்குக்கு அதில் வேலை இல்லை. லிங்கேஜ் (பின்சக்கரத்தை ஷாக்கோடு இணைக்கும் நெம்புகோல் அமைப்பு) உள்ள பெரிய மோட்டோகிராஸ் வண்டிக்கு ரேஸ் சேக் 100 முதல் 105, ஃப்ரீ சேக் 30 முதல் 40 என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் 70-ஐ ஒட்டி இருக்க வேண்டும். 83 என்றால் ஹார்டு ஸ்பிரிங் வேண்டும், 60-க்குக் கீழே போனால் சாஃப்ட் ஸ்பிரிங் வேண்டும். இப்போது 54 நியூட்டன் போட்டிருக்கிறேன், வித்தியாசம் 74. என் எடைக்கு இது போதும்.

அளக்கும் விஷயத்தில் நான் கொஞ்சம் பைத்தியம்தான், ஒத்துக்கொள்கிறேன். மட்கார்டு பிளாஸ்டிக்கில் கோடு போட்டு அளப்பவர்களைக் கண்டால் கோபம் வரும், அது கையை வைத்தாலே வளையும். பின் அச்சுக்கு நேர் மேலே சப்ஃபிரேமில் (சீட்டைத் தாங்கும் பின் சட்டத்தில்) பிடித்திருக்கும் போல்ட் ஒன்றைப் பார்த்துக்கொண்டு, அச்சிலிருந்து அதுவரை உள்ள தூரத்தை அளங்கள். சக்கரம் தொங்கும்போது எடுத்த அளவிலிருந்து எவ்வளவு குறைகிறதோ அதுதான் சேக். செயினை டைட் செய்து அச்சு பின்னால் தள்ளியிருந்தால், சக்கரம் தொங்கும்போது எடுத்த முதல் அளவை மறுபடி எடுக்க வேண்டும். உட்கார்ந்து அளக்காமல் ஃபுட்பெக்கில் ஏறி எப்போதும் நிற்கும் நிலையில் நின்றால்தான் எண் ஒவ்வொரு முறையும் ஒன்றுபோல வரும். பிடித்துக்கொள்ள ஒருவர், டேப் பிடிக்க ஒருவர் என்று இரண்டு பேர் இருந்தால் நல்லது. அப்புறம் உராய்வு. பின்பக்கத்தை அழுத்தி மெதுவாக மேலே விட்டால் ஓர் எண், தூக்கி மெதுவாகக் கீழே விட்டால் வேறு எண் வரும். இரண்டுக்கும் நடுவில் உள்ளதுதான் உண்மை. இடைவெளி சில மி.மீ. என்றால் பரவாயில்லை, பத்துக்கு மேலே போனால் ஸ்பிரிங்கைத் தொடுவதற்கு முன்பு லிங்கேஜ் பேரிங்குகளைக் கழற்றி கிரீஸ் வையுங்கள். காய்ந்துபோன பேரிங்கை வைத்துக்கொண்டு எந்த சேக் எண்ணையும் நம்ப முடியாது.

ரிங்கைத் திருப்புவது பற்றி ஒரு புலம்பல். சுத்தியலும் உளியும் வைத்து அலுமினிய ரிங்கின் பல்லையெல்லாம் சிதைக்கிற வழக்கத்தை யார் ஆரம்பித்தார்களோ! மரையில் ஒட்டியிருக்கும் மண்ணை பிரஷ்ஷால் தேய்த்து, எண்ணெய் தெளித்து, பின்சக்கரத்தைத் தொங்கவிட்டு, மேல் லாக் ரிங்கைத் தளர்த்திவிட்டு ஸ்பிரிங்கையே இரண்டு கையாலும் பிடித்து முறுக்கினால் பெரும்பாலும் ரிங் கூடவே சுற்றும். ஒரு சுற்றுக்கு சேக் ஏறக்குறைய 3 மி.மீ. மாறும்.

ஸ்பிரிங் வாங்கும்போது பார்க்க வேண்டியது: சிலர் கிலோ கணக்கில் 5.4 என்று பொறித்திருப்பார்கள், சிலர் நியூட்டனில் 54 என்று. இரண்டும் ஒன்றல்ல, 5.4 கிலோ என்பது 53 நியூட்டன்தான். வித்தியாசம் சின்னதுதான், ஆனாலும் ஒரு படிக்கும் இன்னொரு படிக்கும் நடுவில் 2 நியூட்டன்தான் இருக்கும்போது இது முக்கியம். எடை அட்டவணை பார்த்துச் சொல்கிறவரிடம் அது வெறும் உடல் எடையா, கியரோடு சேர்த்தா என்று கேளுங்கள். நான் வாங்கிய இடத்தில் அதற்குப் பதில் சொல்ல ஆளில்லை. ஹெல்மெட், பூட்ஸ், தண்ணீர்ப் பை எல்லாம் சேர்ந்தால் எளிதாக 8 கிலோ வந்துவிடும். உள்விட்டமும் நீளமும் பழையதோடு பொருந்துகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளிக்கர்கள் (தணிப்பைக் கூட்டிக் குறைக்கும் திருகுகள்) பக்கம் இன்னும் முழுசாகப் போகவில்லை. ஸ்பிரிங் ஹார்டானதால் திரும்பி வரும் வேகமும் கூடியிருக்கிறது, அந்த வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரீபவுண்டை இரண்டு கிளிக் மூடியிருக்கிறேன். அதற்கு மேல் மூடினால், அடுத்தடுத்த மேடுகளில் சக்கரம் திரும்பி வர நேரமில்லாமல் பின்பக்கம் படிப்படியாகக் கீழே இறங்கிவிடும் என்பதால் அங்கேயே நிறுத்தியிருக்கிறேன். கம்ப்ரஷன் இரண்டும் (வேகமாக அமுங்குவதற்கு ஒன்று, மெதுவாக அமுங்குவதற்கு ஒன்று) கம்பெனி வைத்த இடத்திலேயே இருக்கின்றன.

இதற்குள் மனசு முன் சஸ்பென்ஷனான ஃபோர்க்குக்குத் தாவிவிட்டது. பின்பக்கம் இப்போது உயரமாக நிற்பதால் திருப்பத்தில் முன்பக்கம் முன்பைவிட வேகமாகப் புதைகிறது. ஃபோர்க் ஸ்பிரிங்கையும் ஒரு படி ஏற்ற வேண்டியிருக்கும், அது கிடைக்கும் வரை கிளாம்பில் ஃபோர்க்கை 3 மி.மீ. கீழே இறக்கி, முன்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி ஓட்டிப் பார்க்கப்போகிறேன். யாராவது 96 கிலோவில் ஃபோர்க்குக்கு 4.8 நியூட்டன் ஸ்பிரிங் போட்டு ஓட்டியிருந்தால், ஆயில் அளவு எவ்வளவு வைத்தீர்கள் என்று சொல்லுங்கள்.