மோர் விற்ற சிறுவனும் என் மன்றாட்டும்

வேளாங்கண்ணிக்குப் போகிறவர்கள் யாரும் வெறுங்கையோடு போவதில்லை. ஆளுக்கொரு மன்றாட்டு இருக்கும். ஆகஸ்ட் 29 அன்று கொடியேறியது முதல் செப்டம்பர் 8, மாதாவின் பிறப்புப் பெருவிழா வரை, காவி உடுத்தி, செபமாலை சொல்லிக்கொண்டு நடந்து வருகிறவர்களால் நாகப்பட்டினத்துச் சாலை நிறைந்திருக்கும். எச்.ஐ.வி. தொற்றோடு வாழும் நானும் திருச்சியிலிருந்து பேருந்து பிடித்து, தஞ்சாவூர், நாகை வழியாக அந்தத் திருவிழாக் கூட்டத்தில் போய்ச் சேர்ந்தேன்.

பேராலயத்தைச் சுற்றியுள்ள கடைகளில் கண், கை, கால், இதயம், தொட்டில், வீடு என்று தகட்டில் அடித்த சிறு உருவங்களை விற்கிறார்கள். எந்த உறுப்பில் நோவோ அந்த உருவத்தை வாங்கி மாதாவின் பாதத்தில் காணிக்கையாக வைப்பது வழக்கம். நான் ஒரு கடையின் முன்னால் நெடுநேரம் நின்று, அந்தத் தகடுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். இரத்தத்தில் குடியிருக்கும் கிருமிக்கு எந்த உருவத்தை வைப்பது? கடைசியில் ஒரு மெழுகுத்திரியை மட்டும் வாங்கிக்கொண்டு நடுத்திட்டை நோக்கி நடந்தேன்.

நடுத்திட்டு ஆலயத்தில்தான் என் மனம் நின்றது. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில், கால் ஊனமுற்ற ஓர் ஏழைச் சிறுவன் அந்த இடத்தில் மோர் விற்றுக்கொண்டிருந்தான் என்றும், கையில் குழந்தையோடு வந்த ஒரு தாய் அவனிடம் மோர் கேட்டு வாங்கி, நாகப்பட்டினத்திலுள்ள கிறிஸ்தவப் பெரியவர் ஒருவரிடம் போய்த் தனக்கு இங்கே ஓர் ஆலயம் எழுப்பச் சொல்லுமாறு அவனை அனுப்பினாள் என்றும் மரபு சொல்கிறது. சிறுவயதிலிருந்து இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவள்தான் நான். ஆனால், அந்தச் சிறுவன் தன் காலுக்காக ஒரு வார்த்தையும் கேட்கவில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இருந்த மோரைக் கொடுத்தான். உடனே அவனுக்கு ஒரு வேலை கொடுக்கப்பட்டது. நொண்டி என்று ஊர் ஒதுக்கிய பையனை நம்பித் தன் செய்தியை ஒப்படைத்தாள் மாதா. அவன் எழுந்து நடந்தது அந்த ஏவலை நிறைவேற்றப் புறப்பட்டபோதுதான்.

அது ஏன் என்னை அப்படி உலுக்கியது என்று சொல்ல வேண்டும். 2015-இல், நான் கருவுற்றிருந்தபோது, அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தில் எடுத்த இரத்தப் பரிசோதனையில்தான் தொற்று இருப்பது தெரிந்தது. கிருமியை அடக்கி வைக்கும் கூட்டு மருந்தை அன்றே தொடங்கினார்கள். சிகிச்சை இல்லாவிட்டால் தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம் வரை உண்டு என்றும், மருந்தை ஒழுங்காக எடுத்தால் அது 5 சதவீதத்துக்கும் கீழே போய்விடும் என்றும் ஆலோசகர் விளக்கினார். பதினெட்டாம் மாதப் பரிசோதனையிலும் என் மகனுக்குத் தொற்று இல்லை என்று வந்த தாளை விவிலியத்துக்குள் வைத்திருக்கிறேன். ஆனால் கணவர் இறந்த பிறகு, விஷயம் கசிந்து, வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். தொற்றுள்ளவர்களுக்கு வீடு தர மறுப்பதையும் தடை செய்யும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. எங்களுக்கு அது பிந்திவிட்டது. பிள்ளையோடு ஒதுங்கி, எவருக்கும் பயன்படாதவள் என்றே என்னை எண்ணியிருந்தேன். அப்படிப்பட்டவளுக்கும் கடவுளிடம் வேலை உண்டு என்று நடுத்திட்டில் நம்பினேன்.

அன்றிரவு கடற்கரை மணலில் தங்கியிருந்தோம். ஒன்பது மணிக்கு மாத்திரை டப்பாவைத் திறந்தேன். முப்பது மாத்திரை கொண்ட அந்த வெள்ளை டப்பாவின் பெயர்த்தாளைக் கிழித்துவிட்டுத்தான் எங்களில் பலர் வெளியூருக்கு எடுத்துச் செல்வோம், நான் கிழிக்கவில்லை. பக்கத்தில் படுத்திருந்த வயதான அம்மா, “சுகர் மாத்திரையா கண்ணு?” என்று கேட்டார். இல்லையென்று சொல்லி, என்ன மாத்திரை என்பதையும் சொன்னேன். அவர் சற்று நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு, தம்முடைய எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றி நீட்டினார். நான் குடித்து முடித்ததும் அதே டம்ளரைக் கழுவாமல் தாமும் குடித்தார். தொழுநோயாளியை இயேசு கைநீட்டித் தொட்டார் என்று நற்செய்தியில் வாசிக்கும்போதெல்லாம் இப்போது அந்த டம்ளர்தான் நினைவுக்கு வருகிறது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். விசுவாசம் இருந்தால் மாத்திரையை நிறுத்து என்று சில செபக்கூட்டங்களில் போதிக்கிறார்கள். அதைக் கேட்டு நிறுத்தியவர்கள் காசநோய் பிடித்து எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். நிறுத்தினால் கிருமி பெருகும், எதிர்ப்புச் சக்தி சரியும், பழைய மருந்து கேட்காமலும் போகலாம். நாள் தவறாமல் சாப்பிட்டுக் கிருமியின் அளவு கண்டறிய முடியாத நிலைக்கு இறங்கிவிட்டால், உடலுறவின் வழியாக அது துணைக்குப் பரவுவதுகூட இல்லை. இந்த மருந்தை 2004 ஏப்ரல் முதல் அரசு இலவசமாகத் தருகிறது. இதைக் கடவுளின் கொடையாக நான் வாங்கிக்கொள்கிறேன். சிலுவை அடையாளம் வரைந்துதான் விழுங்குகிறேன்.

ஊர் திரும்பியதும் எங்கள் மருந்து மையத்துக்குப் போய், புதிதாகத் தொற்று தெரிய வருகிறவர்களுக்குத் துணையாக இருக்க முன்வருவதாகச் சொன்னேன். இப்போது வாரந்தோறும் அங்கே போகிறேன். யார் செய்த பாவம் இது என்று அழுகிறவர்களிடம், பிறவியிலேயே பார்வையற்ற மனிதரைப் பற்றிச் சீடர்கள் அதே கேள்வியைக் கேட்டதையும், அவரும் பாவம் செய்யவில்லை, அவருடைய பெற்றோரும் செய்யவில்லை என்று இயேசு மறுத்ததையும் சொல்கிறேன். வேற்று மதத்தவர் என்றால் அருகில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்கிறேன். பேச்சு தானாக வரும்.

அடுத்த கொடியேற்றத்துக்கு எங்களில் சில பெண்கள் சேர்ந்து போகிறோம். திருவிழா முடியும்வரை தங்குவதாக இருப்பதால், மாத்திரை நடுவில் தீர்ந்துவிடாதபடி மையத்தில் முன்கூட்டியே சொல்லி வாங்கி வைக்கும்படி எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன்.