பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்சு

14-ஆம் நம்பர் தூண்டில் முள்ளை வைஸ் என்ற சிறு பிடிகருவியில் மாட்டிவிட்டு, ஆரஞ்சுப் பட்டு நூலுக்கு மெழுகு தடவிக்கொண்டிருக்கிறேன்.

யார்க்‌ஷயர் ஆறுகளில் டிரவுட் மீனுக்காகக் கட்டிப் பழகிய ஈ இது; பூச்சியென்று மீனை ஏமாற்றத் தூண்டில் முள்ளில் கட்டும் பொய் ஈ. உடம்புக்குப் பட்டு, கழுத்துக்கு பார்ட்ரிட்ஜ் என்ற கவுதாரியின் இறகு. அவ்வளவுதான் சரக்கு.

இறகைச் சுற்றும்போதுதான் கை பரபரக்கும்.

ஒன்றரைச் சுற்று. மிஞ்சினால் இரண்டு. நாலு சுற்றினால் மேசையில் பார்க்க அம்சமாக இருக்கும், தண்ணீரில் விறைத்து நிற்கும். இழைகள் குறைவாக இருந்தால்தான் நீரோட்டத்தில் மடங்கி விரிந்து, மேலேறி வரும் பூச்சியின் கால்களைப்போலத் துடிக்கும்.

பட்டும் லேசுப்பட்டதில்லை. நனைந்ததும் பளிச்சென்ற ஆரஞ்சு கறுத்துச் செம்பழுப்பாகிவிடும். நூலின் நிறத்தை எச்சில் தொட்டுத்தான் பார்க்கவேண்டும். (கடைக்காரர் முறைப்பார்.)

பளபளக்கும் உலோக மணி கோத்த புது ஈக்களுக்கும் மீன் மாட்டத்தான் செய்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இவ்வளவு கொஞ்சப் பொருளில் உயிர் காட்டுவது பழைய கைகளுக்கு வந்த வித்தை.

அடுத்துக் கட்டப்போகும் ஈ வாட்டர்ஹென் புளோவா. மஞ்சள் பட்டு, நீர்க்கோழி இறகு, கொஞ்சம் அகழெலி ரோமம். ரோமத்தை அப்பிவிடக் கூடாது, அடியில் மஞ்சள் தெரியவேண்டும்.