எர்த் இல்லாத வீட்டில் எலெக்ட்ரிக் கார்

கோபியிலிருந்து ஈரோட்டுக்குத் தினமும் போய்வருகிறேன். போக வர எழுபது கிலோமீட்டருக்கு மேல் ஆகும். பழைய பெட்ரோல் காரைத் தள்ளிவிட்டு டியாகோ இவி எடுத்ததும் பார்த்தவர்கள் எல்லாரும் கேட்டது, "ஒருக்கா சார்ஜ் போட்டா எவ்வளவுங்க போகும்?" என்னுடையது 24 கிலோவாட் அவர் பேட்டரி. வண்டி அறிமுகமானபோது கம்பெனி சொன்ன கணக்கு 315 கிலோமீட்டர். ஏசி போட்டு நம் ரோட்டில் ஓட்டினால் இருநூறை ஒட்டி வருகிறது. எனக்கு அது தாராளம். என்னைப் படுத்தி எடுத்தது வீட்டு எர்த், அதாவது கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் இணைப்பு.

எங்களுடையது அப்பா கட்டிய ஓட்டு வீடு. வண்டியோடு தந்த சார்ஜரைத் திண்ணையோரப் பவர் பிளக்கில் சொருகினால் சிவப்பு விளக்குதான் எரிந்தது. அதே பிளக்கில் கிரைண்டர் பல வருடம் ஓடியிருக்கிறது. எர்த் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிரைண்டர் பாட்டுக்கு ஓடிவிடும். சார்ஜர் அப்படியில்லை, எர்த் சரியில்லை என்று தெரிந்தால் வண்டிக்குக் கரண்டே விடாது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். எர்த்துக்கென்று மேலே இருக்கும் பெரிய ஓட்டைக்கு வயரே போகவில்லை!

எலெக்ட்ரீசியன் சுலபமாக ஒரு வழி சொன்னார். "இதுக்கெதுக்குங்க குழி தோண்டிக்கிட்டு? நியூட்ரல்ல இருந்து ஒரு துண்டு வயரை எர்த்துக்கு இழுத்துக் கட்டிவுட்டா பச்சை எரிஞ்சுருமுங்க." எரியும்தான். ஆனால் என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் கார் பாடி முழுக்கக் கரண்ட் ஏறி நிற்கும். குழந்தைகள் விளையாடுகிற வாசல் அது. "வேண்டாமுங்கண்ணா, குழியே போட்டரலாம்" என்றேன். முணுமுணுத்தாலும் வேலையைச் சுத்தமாகச் செய்தார்.

பாத்ரூம் தண்ணீர் பாயும் வாழையடியில் எப்போதும் ஈரம் இருக்கும். அங்கே குழி தோண்டி, செம்பு பூசிய ராடை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் போட்டு மூடினோம். மீட்டர் போர்டிலிருந்து 4 ஸ்கொயர் வயரில் தனி லைன் இழுத்து, லோடு கூடினால் ட்ரிப் ஆகிற 20 ஆம்ப் எம்சிபியும் ஷாக் அடித்தால் ட்ரிப் ஆகிற ஆர்சிசிபியும் வைத்தோம். பிளக்கில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். எட்டு ஒன்பது மணி நேரம் விடாமல் மூன்று கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும்போது மட்டமான பிளக் சூடேறி உருகிவிடும். கடைசியில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தோம். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே வரும் வோல்டேஜே கிட்டத்தட்ட ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலும் வந்தது, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்தான். பச்சை எரிந்தது. சித்திரை வெயிலில் மண் காய்ந்து மறுபடி ஒருமுறை சிவப்பு வந்தது. குழியில் நாலு குடம் தண்ணீர் ஊற்றியதும் சரியாகிவிட்டது.

இதற்கு நடுவில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒரு யோசனை சொன்னார். "உங்க கிணத்துச் சர்வீஸ் சும்மாதானுங்களே இருக்குது, அதுல போட்டுக்கறது?" விவசாயத்துக்குத் தரும் இலவச மின்சாரத்தில் காருக்குச் சார்ஜ் போட்டால் அது விதிமீறல். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். 1972-இல் விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் நடந்த போராட்டத்துக்குப் போனவர் அவர். "கரண்டு ரேட்டை ஏத்துனாங்கன்னு மாட்டுவண்டி பூட்டிக் கோயமுத்தூரையே மறிச்சவங்க நாங்க. தோட்டத்துக்கு வாங்குன கரண்டுல காரு ஓட்டறதா?" அதோடு பேச்சு முடிந்தது.

வீட்டு இணைப்பிலேயே போடுவதால் இரண்டு மாத பில் 500 யூனிட்டைத் தாண்டி, யூனிட் விலை கூடுகிற மேல் ஸ்லாபுக்குப் போய்விடுகிறது. முதல் பில்லைப் பார்த்து வீட்டம்மா கொஞ்சம் மிரண்டுதான் போனார். ஆனால் ஒரு யூனிட்டுக்கு ஏழெட்டு கிலோமீட்டர் ஓடுகிறது, பெட்ரோல் செலவோடு ஒப்பிட்டால் பேச்சே இல்லை. மாதாந்திரப் பராமரிப்புக்கென்று நிறுத்தும் கரண்டும் பகலில்தான் போகும் என்பதால் ராத்திரி சார்ஜுக்கு இடைஞ்சல் இல்லை.

தாளவாடியில் அக்கா வீடு. பண்ணாரி செக்போஸ்ட்டைத் தாண்டி திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி முடிப்பதற்குள், சமவெளியில் முப்பது நாற்பது கிலோமீட்டர் ஓடுவதற்கான சார்ஜ் காலியாகிவிடும். ஆனால் லாரிக்குப் பின்னால் நின்று நின்று ஏறும்போது கிளட்ச் மிதிக்கிற வேலை இல்லை, வண்டி திணறுவதும் இல்லை. இறங்கும்போது ரீஜெனை (வண்டி வேகத்தைக் குறைத்து அதிலிருந்தே பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் வசதி) மூன்றில் வைத்தால் பிரேக்குக்கு அதிக வேலை இருக்காது, போன சார்ஜில் கொஞ்சம் திரும்பியும் வரும். திம்பத்தில் ராத்திரி 9 மணிக்கு மேல் காரை விடமாட்டார்கள். அதற்குள் திரும்பிவிட வேண்டும் என்பதால் அக்கா வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகச் சார்ஜரை மாட்டிவிட்டு, அப்புறம்தான் காபி.