பெரிய பிரமிடு பாக்கணும்னு கிளம்பி மெரெசாங் ராணிகிட்ட போய் நின்ன கதை

2020 மார்ச் 24 நாங்க கெய்ரோல இறங்கிருக்கணும். நான் திருச்சில இருந்து, அக்கா மஸ்கட்ல இருந்து, ரெண்டு பேரும் நேரா கெய்ரோ ஏர்போர்ட்லயே சந்திச்சுக்கறதா பிளான். ரெண்டு வருஷம் சீட்டு கட்டி சேத்த காசு. கொரோனாவால மார்ச் 19ல இருந்து எகிப்துல ஃபிளைட் எல்லாம் நிறுத்திட்டாங்க, இங்கயும் அதே வாரம் நின்னுபோச்சு. விசா ஒட்டுன பாஸ்போர்ட்ட பீரோல வச்சு பூட்டறப்ப அழுகையே வந்துடுச்சு.

ஏப்ரல்ல அக்காதான் போன் பண்ணா, "லேப்டாப்ப தொறடி, போலாம்"னு. மொதல்ல கூகுள் ஸ்ட்ரீட் வியூல பெரிய பிரமிட சுத்தி நடந்தோம். குஃபுங்கற எகிப்து ராஜா கட்டுனது, கட்டுனப்ப 146 மீட்டருக்கு மேல, இப்ப 138 சொச்சம். படிச்சப்ப வெறும் நம்பராதான் இருந்துச்சு, ஆனா அடிவரிசை கல்லு பக்கத்துல ஒரு ஆள் நிக்கறத பாத்ததும் ரெண்டு பேரும் பேச்ச நிறுத்திட்டோம், ஒரு கல்லே அவர் நெஞ்சு வரைக்கும் வருது, இந்த மாதிரி சுமார் 23 லட்சம் கல்லு.

ஆனா அன்னிக்கி ராத்திரி எங்கள புடிச்சு வச்சது பிரமிடு இல்ல. அதுக்கு கிழக்கால இருக்குற இடுகாட்டுல மூணாம் மெரெசாங்னு ஒரு ராணியோட கல்லறை, அத எகிப்து சுற்றுலா, தொல்லியல் அமைச்சகம் 3டில உள்ள நடந்து பாக்கற மாதிரி அப்பதான் வெளியிட்டிருந்தாங்க. குஃபுவோட பேத்தி, ரெண்டாவது பிரமிடு கட்டுன காஃப்ரேவோட மனைவி. 1927ல அமெரிக்க தொல்லியலாளர் ரைஸ்னரோட குழு இந்தக் கல்லறைய கண்டுபுடிச்சது. தரையில வட்டம் வட்டமா இருக்கும், அத அழுத்த அழுத்த உள்ள போய்ட்டே இருக்கலாம். நான் ஸ்கிரீன் ஷேர் பண்ணேன், எங்க திரும்பணும்னு அக்கா சொல்லிட்டே வந்தா.

ஒரு ரூம்ல சுவத்தக் குடைஞ்சு பத்து பொம்பளைங்க சிலை, வரிசையா. பேர் எதுவும் எழுதல, ராணியும் அவ அம்மாவும் பொண்ணுங்களுமா இருக்கலாம்னு ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. இன்னொரு சுவத்துல அம்மாவும் மகளும் படகுல நின்னு பாப்பிரஸ்ங்கற கோரைத் தண்டு பறிக்கறாங்க, நாலாயிரத்து ஐந்நூறு வருஷம் ஆகியும் வண்ணம் அங்கங்க ஒட்டிட்டிருக்கு. வாசல் பக்கம் அவ செத்த நாளும் அடக்கம் பண்ண நாளும் வெட்டியிருக்காங்க, நடுவுல கிட்டத்தட்ட 270 நாள்! இவ்ளோ நாள் ஏன்னு நாங்க ரெண்டு பேரும் எவ்ளோ நேரம் பேசிருப்போம்னு தெரியாது.

அப்பறம் அந்த கல்லுப்பெட்டி விஷயம். ரெண்டாம் ஹெடெப்ஹெரெஸ், அதாவது மெரெசாங்கோட அம்மா, தனக்குன்னு கருங்கல்லுல செஞ்சு வச்சிருந்த பெட்டி அது. மக முந்திக்கிட்டா. அதுலயே அம்மா எழுதி வச்சிருக்கா, என் மகளுக்கு இத குடுத்தேன்னு. நான் படிச்சு சொன்னதும் போன்ல அந்தப் பக்கம் சத்தமே இல்ல. எங்க வீட்ல பாட்டி மொதல்ல போனாங்க, அவங்க மக எங்க அம்மா இருந்தாங்க, ஆனா பெரியம்மா வீட்ல மகதான் முந்திக்கிட்டா, அக்கா அததான் நெனச்சிருப்பா, நானும் கேக்கல.

கொஞ்ச நாள் கழிச்சு பெரிய பிரமிடுக்குள்ளயும் போக முடிஞ்சுது. 47 மீட்டர் நீளத்துக்கு ஏறிட்டே போற கிராண்ட் கேலரி, மேல போகப் போக ரெண்டு பக்க சுவரும் படிப்படியா நெருங்கி வருது, அண்ணாந்து பாக்க மவுச மேல இழுத்தேன், இந்த இடத்துல கழுத்து வலிக்க நிக்கணும்னு அப்பதான் ஏக்கமா இருந்துச்சு. கடைசில ராஜாவோட அறை, 800 கிலோமீட்டர் தள்ளி அஸ்வான்ல இருந்து நைல் வழியா கொண்டுவந்த கிரானைட். உள்ள ஒரு காலிப்பெட்டி, மூடி இல்ல, ஒரு எழுத்துகூட இல்ல.

"அந்தம்மாவோட பெட்டில எவ்ளோ எழுதிருந்துச்சு"னா அக்கா.

மெரெசாங்கோட அந்தப் பெட்டி இப்ப கெய்ரோ மியூசியத்துல இருக்கு. ஆகவே புது பிளான்ல மொதல் நாள் பிரமிடு கிடையாது. ஏர்போர்ட்ல இருந்து ரூம்ல பைய போட்டுட்டு நேரா மியூசியம், மறுநாள் காலைலதான் பிரமிடு இருக்குற கிசா, அங்கயும் மொதல்ல கிழக்கு இடுகாடு. புது சீட்டுல ரெண்டு தவணை கட்டியாச்சு.