பழவேற்காட்டு இறாலும் முகத்துவாரமும்

சென்னைக்கு வடக்கே கடலோரம் இருக்கும் பழவேற்காடு ஏரிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பறவைகளைத்தான் பார்க்கிறார்கள், தண்ணீருக்குள் நடக்கும் மாற்றம் அதைவிடப் பெரிது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்து ஆரணி ஆறும் காளங்கி ஆறும் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டும்போது ஏரியின் உப்பு சட்டென்று இறங்கும், சித்திரை வைகாசி வெயிலில் தண்ணீர் வற்றி கடலைவிட உப்பேறிவிடும். உப்பைத் தாங்குகிற இனம் நிற்கும், தாங்காதது இடம் மாறும்.

வெள்ளை இறாலை எடுத்துக்கொள்ளுங்கள். முட்டையிடுவது கடலில். குஞ்சு மட்டும் கடல் ஏற்றத்தோடு, ஏரி கடலைத் தொடும் வாயான முகத்துவாரம் வழியாக உள்ளே வந்து, ஆழமில்லாத சேற்றிலும் பாசியிலும் சில மாதம் வளர்ந்து, அப்புறம் முட்டையிடத் திரும்பவும் கடலுக்கே போகும். பச்சை நண்டிலும் பெட்டை முட்டையோடு கடலுக்குத்தான் போகிறது.

சரி, அந்த முகத்துவாரத்தை மணல் மூடினால்? கோடையில் அது அடிக்கடி குறுகுகிறது, சில சமயம் அடைந்தே போகிறது. படகு போக வழியில்லை என்பது செய்தியாகிறது, குஞ்சு உள்ளே வர வழியில்லை என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. எனக்கு அதுதான் ஆற்றாமை. முழங்கால் தண்ணீரில் குனிந்து வெறும் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கு அடுத்த சில மாத வருமானமே அந்தக் குஞ்சுதான். மழைக்கு முன்பே தூர்வாருங்கள்.