உறைகிணற்றின் மேல் ஒரு கோபுரம்

எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்குப் போகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். கட்டுமானத் தொழிலில் இருப்பவர்கள் குனிந்து தரையைப் பார்ப்பது நல்லது. 166 அடிக் கோபுரமும், 16 தூண்கள் தாங்கும் 51 அடி விட்டக் குவிமாடமும் மழைக்காலத்தில் நீர் தேங்கும் நிலத்தின் மேல் எழுந்தவை. 1818-ல் தொடங்கி 1821-ல் முடித்தவர் தாமஸ் டி ஹேவிலண்ட், மதராஸ் எஞ்சினியர்ஸ் படை அதிகாரி. பிறந்தது ஆங்கிலக் கால்வாயில் உள்ள கெர்ன்சி தீவில். ஆங்கிலேயர் என்று சொன்னால் அந்தத் தீவுக்காரர்கள் முறைக்கக்கூடும்.

அவர் வானம், அதாவது அஸ்திவாரப் பள்ளம் தோண்டவில்லை, கிணறு இறக்கினார். சுமார் 150 கிணறுகள், 14 அடி முதல் 50 அடி வரை ஆழம். ஆழம் ஒன்றுக்கொன்று வேறுபடுவதைக் கவனிக்க வேண்டும். வரைபடத்தில் எழுதிய ஆழத்தில் நிறுத்தாமல், கெட்டி மண் தட்டும்வரை இறக்கியிருக்கிறார்கள் என்று பொருள். சுடுமண் உறையும் வளைவாக அறுத்த செங்கலும் நம் ஊர் உறைகிணற்றுக்காரர்களுக்குப் புதிதல்ல. தண்ணீருக்காகச் செய்த வேலையைப் பாரம் தாங்கச் செய்தார், அவ்வளவுதான்.

கிணறு இறக்கும்போது மூன்று தொல்லை வரும். ஒரு பக்கம் மண் இளகியிருந்தால் கிணறு சாயும். உயர்ந்து நிற்கும் பக்கத்தில் கூடுதலாகத் தோண்டி, அதே பக்கத்தில் பாரம் ஏற்றினால் நிமிரும். தொடக்கத்திலேயே இதைச் செய்யாவிட்டால் பிறகு நிமிர்த்துவது கடினம். இரண்டாவது, பக்க உராய்வு பிடித்துக்கொண்டு கிணறு இறங்க மறுப்பது. அதற்கு மேலே மணல்மூட்டை அடுக்க வேண்டும். மூன்றாவதுதான் மோசம். உள்ளே தண்ணீரை வேகமாக இறைத்தால் வெளிநீரின் அழுத்தத்தில் அடிமணல் பொங்கி உள்ளே வரும், சுற்றியுள்ள நிலம் உள்வாங்கும், பக்கத்துக் கிணறும் அசையும். அவசரக்கார மேஸ்திரி மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

இதற்கு முன்பே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அவர் ஒரு காரியம் செய்திருந்தார். காவிரிக்கு ஐந்து வளைவுகளில் செங்கல் பாலம் கட்டலாம் என்றார்; மேலதிகாரிகள் நம்பவில்லை. வாதாடிக்கொண்டிருக்காமல் 1808 வாக்கில் தன் தோட்டத்திலேயே சுமார் 110 அடி அகலத்தில் ஒரே வளைவைக் கட்டிக் காட்டினார். செங்கல்தான், அதுவும் மிகத் தட்டையாக. அதே அகலத்துக்கு வளைவின் உயரத்தைப் பாதியாக்கினால் பக்கவாட்டு உதைப்பு இரண்டு மடங்காகும். ஆகவே சோதனை என்பது வளைவுக்கு மட்டுமல்ல, இரு முனைகளையும் தாங்கும் கட்டுக்கும்தான். அந்தக் கட்டு ஓர் அங்குலம் விலகினாலே நடுமுடி பல அங்குலம் இறங்கிவிடும். சுண்ணாம்புச் சாந்து மெதுவாக இறுகுவதால் சாரத்தையும் ஒரே நாளில் பிரிக்கக் கூடாது. ஆப்புகளைச் சிறுகச் சிறுகத் தளர்த்த வேண்டும். பாலம் கடைசிவரை வரவில்லை. வளைவு 1937 வரை நின்றது.

1809-ல் மதராஸ் படையின் ஐரோப்பிய அதிகாரிகள் அரசை எதிர்த்துக் கிளம்பியபோது அவரும் சேர்ந்தார், வேலை போனது, பிறகு திரும்பக் கிடைத்தது. இதைப் பற்றிப் பேசுபவர்கள் அதிகம். கிணற்றைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு.

தேவாலயத்தின் உள்ளே மின்னும் வெள்ளைப் பூச்சு மதராஸ் சுண்ணாம்பு. கிளிஞ்சலைச் சுட்டு, நீற்றி, சலித்து, மணலும் வெல்லநீரும் சேர்த்துக் குழைப்பார்கள். கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கருவும் தயிரும் போகும். பூசிய பின் வழுவழுப்பான கல்லால் தேய்க்க வேண்டும். சுவரில் வியர்வை போல நீர் கசியும், துடைத்துவிட்டு மறுபடி தேய்க்க வேண்டும். நீறாத ஒரு துண்டு உள்ளே தங்கினால் மாதங்கள் கழித்து உப்பிப் பொரிந்து விழும். இப்படி விழுந்த இடங்களில் சிமெண்ட் ஒட்டுவதுதான் இன்றைக்குப் பழைய கட்டடங்களுக்கு நேரும் பெரிய கேடு. சுண்ணாம்புச் சுவர் உறிஞ்சிய ஈரத்தைச் சிமெண்ட் வெளியே விடாது. சில மழைக்காலம் கழித்து அது கழன்று விழும்போது அடியில் நன்றாக இருந்த பழைய பூச்சையும் பிய்த்துக்கொண்டு வரும்.