நாற்பத்தைந்து வயதில் முன்தோல் ஆபரேஷன்

இடுப்புக்குக் கீழே எரிச்சல் என்றால் எங்கள் வேலூர்ப் பக்கத்தில் எல்லோரும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: சூடு. இளநீர் குடி, வெந்தயம் ஊறவைத்துச் சாப்பிடு, எண்ணெய் தேய்த்துக் குளி. குடியாத்தத்தில் எனக்கும் இதே வைத்தியம்தான் நடந்தது. ஆனால் என் சூடு மார்கழியிலும் தணியவில்லை. ஆணுறுப்பின் முன்தோல் விளிம்பில் மெல்லிய வெடிப்புகள், உள்ளே வெள்ளையாகப் படிவது, விடாத அரிப்பு. அதுவரை சுலபமாகப் பின்னால் போன தோல் மெல்ல மெல்ல இறுகி, கடைசியில் நகரவே இல்லை. சிறுநீர் போகும்போது பலூன் மாதிரி உப்பியது. "என்னங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று வீட்டில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

வேலூரில் இறங்கி அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கு பஸ் பிடித்தேன். ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் என்ன பிரச்சினை என்று கேட்பார்கள். பின்னால் ஊர்க்காரர் யாராவது நின்றால் என்ன செய்வது என்ற பயம் வேறு. "யூரின் பிராப்ளம்" என்றேன். அவ்வளவுதான், மேலே ஒன்றும் கேட்கவில்லை. வெட்கப்படுகிறவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

டாக்டர் பார்த்த உடனே கேட்டது கிரீமைப் பற்றி அல்ல.

"சுகர் இருக்கா?"

"இல்லைங்க."

"பார்த்தீங்களா?"

"இல்லைங்க."

கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனையில் 9.4 வந்தது. 6.5-ஐத் தொட்டாலே சர்க்கரை நோய்தான். இத்தனைக்கும் எனக்குத் தாகம், களைப்பு எதுவும் இல்லை. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் சிறுநீரிலும் இறங்கும். முன்தோலுக்கு அடியில் இருக்கும் ஈரத்தில் கேண்டிடா என்ற பூஞ்சைக்கு அது நல்ல தீனி. வெடிப்பு ஆறுவதும் மறுபடி வெடிப்பதுமாக இருந்தால் அங்கே தழும்பு கட்டும், தழும்பு தோலைச் சுருக்கும். இதற்குப் பெயர் ஃபைமோசிஸ். நடுவயதில் புதிதாகத் தோல் இறுகினால் முதலில் சுகர்தான் பார்ப்பார்களாம்.

பூஞ்சைக்கு க்ளோட்ரிமசோல் கிரீம், சுகர் மாத்திரை, சோப்பு போடாமல் வெறும் தண்ணீரில் கழுவுவது என்று ஆரம்பித்தோம். அரிப்பு போய்விட்டது, இறுக்கம் போகவில்லை. அடுத்து பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கிரீமை சில வாரம் தடவச் சொன்னார்கள். தழும்பு இல்லாத இறுக்கத்துக்கு, முக்கியமாகப் பையன்களுக்கு, இது நன்றாகவே வேலை செய்யும். என் தோலோ ஏற்கெனவே வெளுத்துத் தடித்திருந்தது. சின்னக் குழந்தைகள் விஷயம் வேறு. பிறக்கும்போது முன்தோல் ஒட்டியிருப்பது இயல்பு, வருடங்கள் போகப் போகத் தானாக விடும். குளிப்பாட்டும்போது பலவந்தமாக இழுக்கும் பாட்டிகளை யாராவது தடுத்தால் புண்ணியம்.

டாக்டர் கண்டிப்பாகச் சொன்ன இன்னொன்று: கஷ்டப்பட்டுப் பின்னால் தள்ளிய தோலை அப்படியே விட்டுவிடக் கூடாது. முன்னால் திரும்ப வராமல் மாட்டிக்கொண்டால் பாராஃபைமோசிஸ். நுனி வீங்கி ரத்த ஓட்டம் நிற்கலாம். அப்படி ஆனால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்காமல் ராத்திரியே அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும்.

சரி, முன்தோலை வெட்டி எடுக்கும் ஆபரேஷன் என்று முடிவானது. பேரணாம்பட்டு நண்பர் பாய் சிரித்தார்: "எங்க ஆளுங்க விவரம் தெரியறதுக்கு முன்னாடியே முடிச்சுக்கறோம், நீங்க வட்டி போட்டுக் கட்றீங்க." சுகர் அடங்கும் வரை தேதி கொடுக்கவில்லை, அடங்காவிட்டால் புண் ஆறாது, சீழ் பிடிக்கும்.

முழு மயக்கம் இல்லை. அடிப்பகுதியைச் சுற்றி மரத்துப்போக ஊசி போட்டார்கள். அந்த ஊசி வலித்தது, வலிக்காது என்று பொய் சொல்ல மாட்டேன். அதற்கப்புறம் இழுப்பது மட்டும் தெரிந்தது. தையல் தானாகக் கரையும் நூல்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத கஷ்டம் ராத்திரியில்தான். தூக்கத்தில் தானாக விறைப்பு வரும், தையல் சுண்டி இழுக்கும். எழுந்து நடந்து, சிறுநீர் கழித்துவிட்டு வந்தால் அடங்கும். அதுவரை மூடியே இருந்த நுனியில் துணி பட்டாலே கூசும். எங்கள் ஊர் லுங்கியின் அருமை அப்போது தெரிந்தது, ஜட்டி பக்கமே போகவில்லை. தாம்பத்தியத்துக்கு ஆறு வாரம் தடை.

எடுத்த தோலைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். லைக்கன் ஸ்க்லெரோசஸ் என்ற தோல் நோய் இருந்தாலும் இப்படித்தான் வெளுத்து இறுகும். அது இருந்தால் பிற்பாடும் கண்காணிக்க வேண்டும், அரிதாகப் புற்றுநோய் வரவும் வாய்ப்புண்டு. எனக்கு நாள்பட்ட அழற்சி மட்டும் என்று ரிப்போர்ட் வந்தது.

சுகர் மாத்திரையில் மட்டும் ஒரு எச்சரிக்கை. டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுபவை. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்ல மருந்துதான், ஆனால் இந்த இடத்தில் பூஞ்சையை வரவழைக்கும். என் கதையைக் கேட்டதும் அதை இப்போதைக்கு வேண்டாம் என்று தள்ளி வைத்தார் டாக்டர். அதைச் சாப்பிடுகிறவர்களுக்கு அரிப்பு வந்தால் தாங்களாக நிறுத்தாமல், எழுதிக் கொடுத்தவரிடமே போய்ச் சொல்லலாம். எனக்கு மெட்ஃபார்மினே ஓடுகிறது. கடைசியாகப் பார்த்த எச்பிஏ1சி 6.8.